வெளிநாட்டில் விமானப் பயிற்றுநர் பயிற்சி: இடத்தைத் தெரிவுசெய்வது எப்படி?

வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்தைப் பெற்று, 200 அல்லது 250 மணித்தியாலப் பறப்பு அனுபவத்துடன், அடுத்த படி என்ன என்று தெரியாமல் நிற்கும் இளையோர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். விமான நிறுவனங்கள் கேட்கும் அனுபவம் அவர்களிடம் இன்னும் சேரவில்லை. அந்த அனுபவத்தைச் சம்பளத்துடன் சேர்த்துக்கொள்ளக்கூடிய வழிகளில் முதன்மையானது பயிற்றுநராகப் பணிபுரிவது. வேறு சிலரோ விமான நிறுவன வேலையை நாடாமல், கற்பிப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொள்ள விரும்புகிறார்கள். இந்த இரு சாராருக்கும், அவர்களுக்காகக் காசு கட்டப்போகும் பெற்றோருக்கும் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பயிற்சிக்கு இடம் தேடும்போது பெரும்பாலான குடும்பங்கள் முதலில் விசாரிப்பது, ஒரு மணித்தியாலப் பறப்புக்கு எவ்வளவு கட்டணம் என்பதைத்தான். அந்தக் கணக்கைக் கடைசியில் பார்த்தால் போதும். பயிற்சி முடிந்தபின் எந்த நாட்டில், எந்தச் சட்டப்படி, யாருடைய மேற்பார்வையில் உங்கள் முதல் மாணவருக்குக் கற்பிக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து நாட்டையும் பள்ளியையும் தெரிவுசெய்ய வேண்டும். இந்த ஒழுங்கை மாற்றிச் செய்தவர்கள் செல்லுபடியான ரேட்டிங் (அனுமதிப்பத்திரத்தோடு சேரும் தனித் தகுதி) ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பயன்படுத்த இடமின்றி ஊர் திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

முதற்படி: எங்கே கற்பிக்கப் போகிறீர்கள்?

பயிற்றுநர் ரேட்டிங் தனியாக நிற்கும் சான்றிதழ் அன்று. அது ஒரு குறிப்பிட்ட நாட்டின் விமானி அனுமதிப்பத்திரத்தோடு ஒட்டியது. 1944 ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையின் முதலாம் இணைப்பு, அனுமதிப்பத்திரங்களுக்கான குறைந்தபட்சத் தரங்களை உலகுக்குப் பொதுவாக வகுத்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தரங்களை நடைமுறைப்படுத்துவது ஒவ்வொரு நாட்டினதும் அதிகாரசபை. அமெரிக்காவில் பெற்ற பயிற்றுநர் தகுதியைக் கொண்டு ஜேர்மனியின் பறப்புப் பள்ளி ஒன்றில், ஐரோப்பிய அனுமதிப்பத்திரத்துக்குப் படிக்கும் மாணவருக்குக் கற்பிக்க முடியாது.

எங்கள் குடும்பங்கள் பல நாடுகளில் பரந்திருப்பதால், இந்த இடத்தில் ஒரு விடயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாரிசில் சித்தப்பாவும், லண்டனில் அக்காவும், ஒஸ்லோவில் ஒன்றுவிட்ட அண்ணனும் இருக்கும் ஒருவர், இவை எல்லாவற்றையும் ஒரே ஐரோப்பா என்று எண்ணிக்கொள்வது இயல்பு. விமானப் போக்குவரத்துச் சட்டத்தில் அப்படியில்லை. 2021 ஜனவரி 1 முதல் பிரித்தானியா ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையான ஈயாசாவின் முறைமைக்கு வெளியே நிற்கிறது. நோர்வேயும் சுவிற்சர்லாந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அங்கத்துவ நாடுகள் இல்லாவிட்டாலும் ஈயாசா முறைமைக்குள் இருக்கின்றன. எனவே லண்டனில் தங்கிப் பயிற்சி பெற்றுவிட்டு பாரிசில் கற்பிக்கலாம் என்ற திட்டம், இரண்டாவது அனுமதிப்பத்திரத்துக்கான பரீட்சைகளையும் செலவையும் தன்னோடு கொண்டுவரும்.

இலங்கைக்குத் திரும்பிக் கற்பிப்பதே நோக்கமானால், முதலில் அணுக வேண்டியது இலங்கைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையை. எந்த நாட்டின் பயிற்றுநர் ரேட்டிங்கை எந்த நிபந்தனைகளின்பேரில் ஏற்றுக்கொள்வார்கள், எழுத்துப் பரீட்சை உண்டா, பரீட்சைப் பறப்பு உண்டா, வெளிநாட்டு அதிகாரசபையிடமிருந்து நேரடியாக வரவேண்டிய உறுதிப்படுத்தல் கடிதம் எது ஆகிய கேள்விகளை எழுத்தில் அனுப்பி, பதிலையும் எழுத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள். தொலைபேசியில் ஒருவர் சொன்னது ஈராண்டு கழித்து எவரையும் கட்டுப்படுத்தாது. அதே வேளையில், இரத்மலானையிலுள்ள பறப்புப் பள்ளிகளில் பயிற்றுநர் பயிற்சிக்கு வாய்ப்பு உண்டா என்பதையும் விசாரியுங்கள். இலங்கையிலேயே கற்பிக்கப் போகிறவர், இலங்கை அனுமதிப்பத்திரத்தின் மேல் நேராக ரேட்டிங் பெற முடியுமானால், வெளிநாடு போவதற்கு வேறொரு வலுவான காரணம் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: இப்போது கையில் இருப்பதை அளந்துகொள்ளுங்கள்

பயிற்றுநர் பயிற்சி விமானிப் பயிற்சியின் தொடக்கப் பாடம் அன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் விமானப் பயிற்றுநராவதற்கு அந்தந்த நாட்டின் வர்த்தக விமானி அனுமதிப்பத்திரமோ அதற்கு மேற்பட்டதோ வேண்டும். அமெரிக்காவில் அதற்கும் மேலாக, கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் வேண்டும்.

இலங்கை அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர்கள் இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தின் அடிப்படையில் இலகுவாகக் கிடைப்பது தனியார் விமானி சான்றிதழ் மட்டுமே. பயிற்றுநராவதற்கு அது போதாது. அமெரிக்க வர்த்தக விமானிக்கான எழுத்துப் பரீட்சையையும் பரீட்சைப் பறப்பையும் புதிதாக எழுதிப் பறந்து தேற வேண்டும். நீங்கள் ஏற்கனவே பறந்த மணித்தியாலங்கள் கணக்கில் சேரும் என்பது ஆறுதல். ஐரோப்பாவில் வேற்று நாட்டு அனுமதிப்பத்திரத்தை மாற்றிக்கொள்ள விரும்புவோர், விமான நிறுவன விமானிக்கான பாடங்களை எழுதுவதானால், 13 பாடங்களுக்கான பரீட்சையை எதிர்கொள்ள வேண்டியிருக்கும். ஆகவே ஒரு பள்ளி பயிற்றுநர் பாடநெறிக்கு எவ்வளவு கட்டணம் என்று சொன்னால், அந்தப் பாடநெறியின் வாசலுக்கு வந்து சேருவதற்கு உங்களுக்கு எவ்வளவு செலவாகும் என்பதைச் சேர்த்தே கணக்கிடுங்கள்.

மருத்துவச் சோதனையை எல்லாவற்றுக்கும் முன்பாக முடித்துவிடுங்கள். இலங்கையில் சித்தியடைந்த மருத்துவம் போகும் நாட்டிலும் செல்லும் என்று கொள்ளாமல், அந்த நாட்டின் மருத்துவச் சான்றிதழைப் பெற்ற பின்னரே பெருந்தொகையைக் கட்டுங்கள். நிறப்பார்வைக் குறைபாடு அன்றாட வாழ்வில் ஒருவருக்குத் தெரியவராமலே இருக்கக்கூடும். புள்ளிகளால் ஆன இலக்கத் தாளின் முன்னால்தான் அது வெளிப்படும்.

மூன்றாம் படி: நாடுகளை ஒப்பிடுதல்

அமெரிக்காவைப் பற்றி முதலில் பேசுவோம். அங்கே பயிற்றுநர் ஆவதற்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். கற்பித்தலின் அடிப்படைகள் பற்றி ஒன்றும் விமானம் பற்றி ஒன்றுமாக இரண்டு எழுத்துப் பரீட்சைகள் உண்டு. ஸ்பின், அதாவது விமானம் சுழன்று விழும் நிலை பற்றிய பயிற்சி பெற்றதற்கான கையொப்பம் வேண்டும். பின்னர் நீண்ட வாய்மொழிப் பரீட்சையும் பரீட்சைப் பறப்பும் நடக்கும். பகுதி 61 என்ற விதிப்படி நடத்தும் பள்ளியில் இத்தனை மணித்தியாலம் பயிற்சி பெற வேண்டும் என்ற குறைந்தபட்ச எண் இல்லை. பகுதி 141 இன் கீழ் அங்கீகரிக்கப்பட்ட பாடநெறியிலோ 40 மணித்தியால வகுப்பும் 25 மணித்தியாலப் பறப்பும் வகுக்கப்பட்டிருக்கின்றன. வெளிநாட்டு மாணவருக்கு விசாவுக்கான ஐ-20 படிவத்தைத் தரும் பள்ளிகள் பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

அமெரிக்காவின் உண்மையான சிக்கல் விசாவில் இருக்கிறது. பறப்புப் பள்ளிகள் வழமையாகப் பெற்றுத்தரும் எம்-1 விசாவில், படித்த ஒவ்வொரு நான்கு மாதத்துக்கும் ஒரு மாதம் என்ற கணக்கில், கூடியது 6 மாதம்தான் நடைமுறைப் பயிற்சியாக வேலை செய்யலாம். பட்டப்படிப்போடு சேர்ந்த எஃப்-1 விசாவில் 12 மாதம் வரை வாய்ப்புண்டு. ஆனால் பட்டப்படிப்பின் செலவு வேறு தரத்தது. "எங்களிடம் பயின்றவர்களை நாங்களே பயிற்றுநராக எடுக்கிறோம்" என்று ஒரு பள்ளி விளம்பரம் செய்தால், எந்த விசாவில், எத்தனை மாதத்துக்கு என்று கேளுங்கள். அந்த வாக்கியம் பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்களை எண்ணி எழுதப்பட்டது. இவை தவிர, அந்நாட்டில் முதல் அனுமதிப்பத்திரம், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், பல இயந்திர விமான ரேட்டிங் ஆகியவற்றுக்கான பறப்புப் பயிற்சியைத் தொடங்குமுன் வெளிநாட்டவர் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பின்னணிச் சோதனைக்கு உட்பட்டு, கைவிரல் அடையாளமும் கொடுக்க வேண்டும்.

அமெரிக்கப் பள்ளிகளுக்கே உரிய இன்னொரு விளைவையும் புரிந்துகொள்ள வேண்டும். 2009 இல் பபலோ நகருக்கு அருகே நடந்த விமான விபத்தைத் தொடர்ந்து இயற்றப்பட்ட சட்டத்தால், 2013 முதல் அங்குள்ள விமான நிறுவனங்களில் துணை விமானியாகச் சேரவும் பொதுவாக 1500 மணித்தியாலம் தேவைப்படுகிறது. அந்த எண்ணை எட்டுவதற்காகவே பலர் பயிற்றுநராகிறார்கள். எட்டியதும் விலகிச் செல்கிறார்கள். ஆகையால் பல பள்ளிகளில் பயிற்றுநர்கள் அடிக்கடி மாறுகிறார்கள். முதன்முறை பயிற்றுநராகப் போகும் ஒருவருக்குக் கற்பிப்பவர், பொதுவாகக் குறைந்தது 24 மாதம் பயிற்றுநராக இருந்து 200 மணித்தியாலம் கற்பித்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. அத்தகைய மூத்தவர்கள் பள்ளியில் எத்தனை பேர், அவர்களில் உங்களுக்கு ஒதுக்கப்படுபவர் யார் என்பதைப் பெயர் குறிப்பிட்டுக் கேட்கத் தயங்க வேண்டாம்.

கனடாவில் பயிற்றுநர்கள் நான்கு வகுப்பினர். புதியவர் நான்காம் வகுப்பில் தொடங்குகிறார். அதற்கு 25 மணித்தியால வகுப்பும், பயிற்றுநருடன் 30 மணித்தியாலப் பறப்பும் வேண்டும். நான்காம் வகுப்புப் பயிற்றுநர் முதலாம் அல்லது இரண்டாம் வகுப்புப் பயிற்றுநரின் மேற்பார்வையிலேயே கற்பிக்கலாம். பள்ளி, வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அனுமதிபெற்ற கல்வி நிலையமாக இருக்க வேண்டும். பறப்புப் பயிற்சியை முடித்து, கனடிய வர்த்தக அனுமதிப்பத்திரம் வைத்திருந்து, பயிற்றுநர் ரேட்டிங்கும் அத்தகைய பள்ளியிலிருந்து வேலை வாய்ப்பும் பெற்றவர்களுக்கு, படிப்புக்குப் பின்னான வேலை அனுமதியில் தனி ஏற்பாடு ஒன்று இருந்துவந்திருக்கிறது. கற்பித்து அனுபவம் சேர்க்க விரும்பும் எங்கள் பிள்ளைகளுக்குக் கனடாவை நான் முன்னிலையில் வைப்பதற்கு இதுவே காரணம். எனினும் கனடாவின் மாணவர் விதிகள் அண்மைய ஆண்டுகளில் பலமுறை மாறியிருப்பதால், விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையிலுள்ள விதியைக் குடிவரவுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே வாசியுங்கள். ரொறன்ரோவில் மாமா இருக்கிறார் என்பது தங்குமிடத்துக்கு உதவும். வேலை அனுமதிக்கு உதவாது.

பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் பயிற்றுநர் பாடநெறியின் கட்டமைப்பு மிகவும் திருத்தமானது. 125 மணித்தியாலக் கோட்பாட்டு வகுப்பும் 30 மணித்தியாலப் பறப்பும் ஈயாசா விதியில் வகுக்கப்பட்டுள்ளன. பாடநெறியில் சேருமுன் நுழைவுப் பறப்புச் சோதனை ஒன்றில் தேற வேண்டும். தேறி வெளியே வந்தாலும் உடனே முழுப் பயிற்றுநர் ஆகிவிட முடியாது. 100 மணித்தியாலம் கற்பித்து, மாணவர்களின் தனிப்பறப்புகளில் 25 ஐ மேற்பார்வை செய்து முடிக்கும் வரை, மூத்த பயிற்றுநர் ஒருவரின் கண்காணிப்பில் கட்டுப்பாட்டுடன் பணிபுரிய வேண்டும். கற்பிக்கும் கலையை ஆழமாகக் கற்றுத்தருவதில் இந்த முறைக்கு நான் உயர்ந்த இடம் கொடுப்பேன். ஆனால் அந்த 100 மணித்தியாலத்தை அங்கேயே தங்கி முடிக்க வேலை உரிமை இல்லாதவர், பாதியில் நிற்கும் தகுதியோடு திரும்ப நேரும். பிரித்தானிய அல்லது ஐரோப்பியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள பிள்ளைகளுக்கு இது மிகச் சிறந்த வழி.

அவுஸ்திரேலியாவில் மூன்றாம் தரம் தொடங்கி முதலாம் தரம் வரையும், நியூசிலாந்தில் சி, பி, ஏ என்றும் பயிற்றுநர்கள் படிப்படியாக உயர்கிறார்கள். அவுஸ்திரேலியப் பள்ளி, வெளிநாட்டு மாணவருக்கான கல்வி நிலையங்களின் அரச பதிவேடான கிரிக்கொஸில் உள்ளதா என்று பாருங்கள். பதிவில்லாத நிலையம் மாணவர் விசாவில் வருவோருக்குப் பாடநெறி நடத்த முடியாது. பதிவுள்ள நிலையம் மூடப்பட்டால் கட்டணத்தைப் பாதுகாக்கும் அரச ஏற்பாடு ஒன்றும் அங்கே உண்டு. அந்நாட்டின் பெரிய வசதி அது.

இந்தியா எங்களுக்கு மிக அருகில் இருக்கிறது. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பின், சென்னைக்குப் போய்வருவது கொழும்புக்குப் போய்வருவதிலும் குறுகிய பயணமாகிவிட்டது. அங்கே முதலில் துணைப் பயிற்றுநர், பின்னர் பயிற்றுநர் என்று இரண்டு படிகள் உண்டு. அருகில் இருக்கிறது என்பதற்காக மட்டும் இந்தியாவைத் தெரிவுசெய்ய வேண்டாம். அங்கே வேலை செய்யும் உரிமை, அந்த ரேட்டிங்கை இலங்கையில் மாற்றிக்கொள்ளும் வழி ஆகிய இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்த பின்னரே அருகாமை பயன்தரும்.

ரேட்டிங்கை உயிரோடு வைத்திருக்கும் வழியையும் இந்த ஒப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈயாசா ரேட்டிங் 3 ஆண்டு செல்லும். கனடாவின் நான்காம் வகுப்பு ஓராண்டு அளவில் புதுப்பிக்கப்பட வேண்டியது. அமெரிக்கச் சான்றிதழில் 2024 டிசம்பர் முதல் காலாவதித் திகதி அச்சிடப்படுவதில்லை; எனினும் 24 மாதத்துக்கு ஒருமுறை அண்மைய அனுபவத்தை நிறைவுசெய்தாக வேண்டும். ஊர் திரும்பிய ஒருவர் இவற்றை இங்கிருந்தே செய்ய முடியுமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும்.

நான்காம் படி: பள்ளியை உள்ளிருந்து பார்த்தல்

விமானியாகக் கற்கும்போது இடப்பக்க இருக்கையில் இருந்தீர்கள். பயிற்றுநர் வலப்பக்கத்தில் இருப்பார். இந்த மாற்றம் சிறியதாகத் தோன்றும். முதல் சில பறப்புகளில் அது எவ்வளவு பெரியது என்பது தெரியவரும். செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானத்தில் இடக்கையால் பிடித்துப் பழகிய கட்டுப்பாட்டை வலக்கையால் பிடித்து, இயந்திரத்தின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டிலை இடக்கையால் இயக்க வேண்டும். வேகமானி எதிரே இல்லாமல் பலகையின் மறுகோடியில் இருப்பதால், சரிவாகப் பார்க்கும் கண்ணுக்கு முள் சற்று விலகித் தெரியும். இயந்திரத்தின் சாவி மாணவரின் முழங்காலுக்கு அப்பால் இருக்கும். ஓடுபாதையின் நடுக்கோட்டை விமானத்தின் மூக்கின் எந்தப் புள்ளியோடு பொருத்திப் பார்ப்பது என்பதைப் புதிதாகக் கற்க வேண்டும். இவற்றோடு, மாணவர் செய்யும் பிழையை எவ்வளவு நேரம் அனுமதிப்பது, எந்தக் கணத்தில் கட்டுப்பாட்டை வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்தபடியே பேசிக்கொண்டும் இருக்க வேண்டும். இந்த மாற்றத்துக்குப் பள்ளி எத்தனை பறப்புகளை ஒதுக்குகிறது என்று கேட்டுப் பாருங்கள். தயங்காமல் விளக்கமாகச் சொல்லும் பள்ளி பயிற்றுநர்களை உருவாக்கிப் பழகிய பள்ளி.

அடுத்து, ஸ்பின். பயிற்றுநராகப் போகிறவர் விமானம் சுழன்று விழும் நிலையை ஏற்படுத்தவும் அதிலிருந்து மீளவும் அறிந்திருக்க வேண்டும். எல்லாப் பயிற்சி விமானங்களும் அதற்கு அனுமதிக்கப்பட்டவை அல்ல. செஸ்னா 152 இல் அது அனுமதிக்கப்பட்டது. செஸ்னா 172 இல் எடையும் சமநிலையும் குறித்த எல்லைக்குள் இருந்தால் மட்டும் செய்யலாம். பல பள்ளிகளில் காணப்படும் பைப்பர் வோரியரில் அது தடைசெய்யப்பட்டது. பள்ளியிடம் ஸ்பின் செய்யத் தகுந்த விமானம் எத்தனை, அவற்றுள் இன்று பறக்கும் நிலையில் இருப்பவை எத்தனை என்று கேளுங்கள். ஒரேயொரு விமானத்தை நம்பியிருக்கும் பள்ளியில், அது திருத்தத்துக்குப் போனால் உங்கள் பயிற்சியும் அதோடு நின்றுவிடும். விசாவின் நாட்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

காலநிலையையும் மறக்கலாகாது. புளோரிடாவில் கோடைகாலப் பிற்பகல்களில் இடிமழை வழமை. பறப்புகள் காலையில் நடக்கும். அரிசோனாவில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும், ஆனால் கோடை வெப்பத்தில் காற்றின் அடர்த்தி குறைந்து விமானம் மெதுவாகவே ஏறும். ஸ்பின்னுக்குத் தேவையான உயரத்தை எட்ட நேரமும் எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். கனடாவிலும் பிரித்தானியாவிலும் குளிர்காலப் பகல் குறுகியது. தாழ்ந்த முகிலால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். யாழ்ப்பாணத்தின் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு ரொறன்ரோவின் ஜனவரிக் காலையில் விமானத்தின் இறகிலிருந்து உறைபனியை அகற்றுவதும் பயிற்சியின் ஒரு பகுதியாகும். கனடாவில் கற்பிக்கப் போகிறவர் அதை அங்கேயே கற்பது நல்லது என்பேன்.

பள்ளியைப் பார்க்க நீங்களே போக முடியாவிட்டால், அந்த நகரத்தில் இருக்கும் உறவினர் ஒருவரைச் சனிக்கிழமை காலையில் அனுப்புங்கள். விமானம் பற்றி அவருக்கு எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. வரவேற்பு மேசைக்கு அருகில் அன்றைய பறப்பு அட்டவணை இருக்கும். அதில் எத்தனை பறப்புகள் நடக்கின்றன, எத்தனை இரத்தாகியிருக்கின்றன, தெளிந்த வானத்திலும் இரத்தானால் அதற்கு என்ன காரணம் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். கொட்டகையில் இயந்திரம் கழற்றப்பட்ட நிலையில் தூசு படிந்து நிற்கும் விமானங்கள் எத்தனை என்றும் பார்க்கட்டும். காத்திருக்கும் மாணவர்களோடு ஒரு தேநீர் குடித்துப் பேசினால், "பரீட்சகர் கிடைக்க எவ்வளவு நாள் எடுத்தது" என்ற ஒரு கேள்வியிலேயே பல விடயம் வெளிவரும். அமெரிக்காவில் பரீட்சகருக்காக வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள் பலர்.

பள்ளிக்கு நீங்கள் அனுப்பும் கேள்விகளில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்: கடந்த ஆண்டு இங்கே பயிற்றுநராகத் தேறிய வெளிநாட்டு மாணவர்கள் இப்போது எங்கே கற்பிக்கிறார்கள்? அவர்களில் இருவரோடு பேச ஏற்பாடு செய்து தருமாறு கேளுங்கள்.

ஐந்தாம் படி: காசு

பள்ளிகள் இரண்டு விதமாக விலை சொல்கின்றன. எரிபொருள் சேர்ந்த விலை ஒன்று, சேராத விலை இன்னொன்று. அடுத்து, நேரத்தை எந்த மானியால் அளக்கிறார்கள் என்று பாருங்கள். ஹொப்ஸ் மானி இயந்திரம் இயங்கும் நேரத்தைக் கடிகாரம்போல அப்படியே எண்ணும். டக்கோ மானி இயந்திரத்தின் சுழற்சி வேகத்தைப் பொறுத்து எண்ணுவதால், தரையில் மெதுவாக நகரும்போது குறைவாகவே காட்டும். மணித்தியால விலை ஒன்றாகவே இருந்தாலும், ஓடுபாதைக்கு நீண்ட வரிசையில் காத்திருக்க வேண்டிய பெரிய விமான நிலையத்தில் இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பாடநெறி முழுவதிலும் கணிசமான தொகையாகிவிடும். பறப்புக்கு முன்னும் பின்னும் பயிற்றுநர் பேசும் நேரத்துக்குத் தனிக் கட்டணமா, பரீட்சகருக்கு எவ்வளவு, தவறினால் மறுபரீட்சைக்கு எவ்வளவு, இறங்கு கட்டணமும் காப்புறுதியும் சேர்ந்தனவா என்பவற்றை ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள். பாடநெறியின் குறைந்தபட்ச மணித்தியாலத்துக்கு மட்டும் காசு வைத்துக்கொண்டு எவரும் புறப்படக் கூடாது. மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாகக் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். 2008 பெப்ரவரியில் அமெரிக்காவின் சில்வர் ஸ்டேட் ஹெலிகொப்டர்ஸ் என்ற பெரிய பயிற்சி நிறுவனம் திடீரென மூடப்பட்டு வங்குரோத்து நிலைக்குப் போனபோது, கடன் எடுத்து முன்பணம் கட்டியிருந்த மாணவர்கள் பயிற்சியையும் இழந்து கடனையும் சுமந்தார்கள். அத்தனை பேரும் நம்பியது ஒரு பெரிய நிறுவனத்தைத்தான். "முழுவதும் கட்டினால் பத்து வீதம் கழிவு" என்ற அழைப்பை மறுத்து, கட்டம் கட்டமாகச் செலுத்தும் ஒப்பந்தத்தைக் கேளுங்கள். அதில் திருப்பிக் கொடுக்கும் நிபந்தனை எந்தப் பந்தியில் இருக்கிறது என்று தேடிப் படியுங்கள். பெற்றோர் காணியை ஈடு வைத்துக் கொடுக்கும் காசு அது. ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் வாசிக்கும் பொறுப்பு பிள்ளைக்கு உண்டு.

காசை வங்கியூடாக, பள்ளியின் பெயரிலுள்ள கணக்குக்கு, அனுமதிக் கடிதத்தையும் கட்டணப் பட்டியலையும் காட்டி அனுப்புங்கள். இடையிலுள்ள முகவரின் தனிப்பட்ட கணக்குக்கு அனுப்ப வேண்டாம். யாழ் நகரில் இயங்கும் கல்வி முகவர்களில் நேர்மையானவர்களும் உண்டு. ஆனால் அவர்களுக்குத் தரகு கொடுக்கும் பள்ளிகளே அவர்களுடைய பட்டியலில் இருக்கும் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். மூலச் சான்றிதழ்களையும் கடவுச்சீட்டையும் எவரிடமும் விட்டுவைக்க வேண்டாம்.

ஆறாம் படி: புறப்படுமுன் ஊரிலேயே செய்யக்கூடியவை

ஆங்கிலத்தில் சர்வதேச அளவுகோலின்படி நான்காம் நிலை விமானிக்குப் போதும். பயிற்றுநராகப் போகிறவர் ஐந்தாம், ஆறாம் நிலையை இலக்காகக் கொள்ள வேண்டும். மாணவர் தடுமாறும் கணத்தில் குறுகிய, தெளிவான சொல்லால் அவரை வழிநடத்த வேண்டியவர் அவர். இதற்குப் பழக வெளிநாடு போகத் தேவையில்லை. வீட்டில் ஒரு வெண்பலகையை மாட்டி, நண்பர் ஒருவரை முன்னால் இருத்தி, 20 நிமிடத்தில் ஒரு பாடம் நடத்திப் பாருங்கள். 60 பாகை சாய்வில் உயரம் குறையாமல் திரும்பும் விமானத்தின் மேல் இரட்டைச் சுமை ஏறுவது ஏன், அதனால் 50 நொட் வேகத்தில் ஸ்டோல் ஆகும் (இறகு தூக்குவிசையை இழக்கும்) விமானம் ஏறத்தாழ 71 நொட்டிலேயே ஸ்டோல் ஆவது எப்படி என்று, விமானமே ஏறியிராத ஒருவருக்குப் புரியும்படி ஆங்கிலத்தில் விளக்க முடிகிறதா என்று பாருங்கள். சூத்திரத்தை எழுதிக் காட்டுவது விளக்கமாகாது. நண்பர் அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொன்னால்தான் பாடம் நடந்திருக்கிறது. அமெரிக்க விமானப் போக்குவரத்து அதிகாரசபையான எஃப்.ஏ.ஏ., பயிற்றுநர்களுக்காக வெளியிட்டுள்ள கைநூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எந்த நாட்டுக்குப் போவதானாலும் அதன் கற்பித்தல் பற்றிய அத்தியாயங்கள் பயன்படும். பலாலியிலிருந்து விமானம் எழும் சத்தம் கேட்கும் வீடுகளிலிருந்தே நல்ல பயிற்றுநர்கள் உருவாக முடியும் என்று நான் நம்புகிறேன். டியூட்டரிகளிலும் திண்ணைகளிலும் பிறருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தே வளர்ந்த பிள்ளைகள் இங்கே நிறையப் பேர்.

ஆவணங்களில் எங்கள் ஊருக்கே உரிய சிக்கல் பெயர். பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் முன்னால் நிற்கும்; கடவுச்சீட்டில் அது வேறோர் ஒழுங்கில் விரியும்; அனுமதிப்பத்திரத்தில் முதலெழுத்து மட்டும் இருக்கும்; பறப்பு மணித்தியாலங்களைப் பதியும் லொக் புத்தகத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டு மாறியிருக்கும். பின்னணிச் சோதனையிலும் அனுமதிப்பத்திர உறுதிப்படுத்தலிலும் இந்த வேறுபாடுகள் மாதக்கணக்கில் தாமதத்தை உண்டாக்கும். கடவுச்சீட்டிலுள்ள பெயரை அளவுகோலாக வைத்து, மற்றெல்லாவற்றையும் அதற்கு இசையத் திருத்திக்கொள்ளுங்கள். தமிழ்ச் சான்றிதழ்களுக்குச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி பெறுங்கள். பொலிஸ் நற்சான்றிதழுக்கும் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். இரத்மலானையில் பறந்த மணித்தியாலங்களைப் பள்ளியின் பிரதான பயிற்றுநரிடம் பக்கம் பக்கமாக உறுதிப்படுத்தி, கையொப்பமும் முத்திரையும் வாங்கி, முழுப் புத்தகத்தையும் நிழற்படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து லொக் புத்தகத்தில் மூன்று கணக்குகளைத் தனித்தனியே எழுதிவாருங்கள்: வலப்பக்க இருக்கையில் பயிற்சி பெற்ற நேரம், பயிற்றுநராகக் கற்பித்த நேரம், நீங்கள் மேற்பார்வை செய்த மாணவர் தனிப்பறப்புகள். கட்டுப்பாட்டுக் காலத்தில் உங்களை மேற்பார்வை செய்தவரின் கையொப்பத்தையும் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் ஒவ்வொரு மாத முடிவிலும் பெற்றுவிடுங்கள். அவர் வேறு நாட்டுக்கோ வேறு நிறுவனத்துக்கோ மாறிப்போன பின்னர், ரேட்டிங்கை இலங்கையில் மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கும் வேளையில் அந்தக் கையொப்பத்தைத் தேடிப் பெறுவது மிகக் கடினம்.